கறுப்பு மோதிரம், வெள்ளை மோதிரம்: பழைய செப்புத்தகட்டுப் படத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஆம்ஸ்டர்டாமில் 1647ஆம் ஆண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஒரு மருத்துவரின் உருவத்தைச் செப்புத் தகட்டில் வரைந்து அச்சிட்டார். மருத்துவரின் பெயர் எஃப்ரைம் புவேனோ. போர்ச்சுக்கலில் 1599இல் பிறந்த யூதர். பிரான்சின் போர்தோவில் மருத்துவம் படித்தவர், ஆம்ஸ்டர்டாமில் தொழில் செய்து 1665இல் அங்கேயே இறந்தவர். படம் ஏ4 தாளைவிடச் சிறியது: உயரம் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர், அகலம் 18. உயரமான தொப்பி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, தோளில் கறுப்பு மேலங்கி. மாடிப்படியின் அடியில் நிற்கிறார். ஒரு கை படிக்கட்டின் கைப்பிடியில் இருக்கிறது. படத்தில் இருப்பது இவ்வளவுதான்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மேலங்கி கன்னங்கரேலென்று தெரியும். கன்னத்தில் மெல்லிய சாம்பல் நிழல், பின்சுவரில் மங்கிய வெளிச்சம். இப்போது பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிட்டே போங்கள். அந்தச் சாம்பல் நிறம் காணாமல் போய்விடும். அங்கே இருப்பது கறுப்பு மையும் காகிதத்தின் வெள்ளையும் மட்டும்தான். நடுவில் வேறு நிறமே கிடையாது.

பழைய செதுக்குப் படங்களைப் பார்க்கப் பழகுகிறவர் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பென்சிலில் வரைகிறவர் மெல்ல அழுத்தினால் சாம்பல் வரும், அழுத்தினால் கறுப்பு வரும். வண்ணம் தீட்டுகிறவர் கறுப்போடு வெள்ளையைக் கலப்பார். தகட்டில் வேலை செய்கிறவருக்கு இரண்டு வசதியும் இல்லை. மை இருக்கிறது அல்லது இல்லை. கோடுகளை எங்கே நெருக்கமாகப் போடுவது, எங்கே விலக்கிப் போடுவது, எதைத் தடிமனாக்குவது, எந்த இடத்தில் கையே வைக்காமல் விடுவது என்று முடிவு செய்து செய்து, நம் கண்ணையே சாம்பல் நிறத்தைக் கலக்கவைக்கிறார். கோடு, நிழல், அமைப்பு என்று தனித்தனியாகப் பேசுவோமே, இந்தக் கலையில் மூன்றும் கோட்டின் வேலைகள்தான்.

தகட்டில் கோடு விழும் விதம்

செப்புத் தகட்டில் கோடு போடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. எந்த வழியில் போட்டார்கள் என்பது கோட்டின் முகத்திலேயே தெரியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, உளியால் செதுக்குவது. இந்த உளி மெல்லிய எஃகுக் கம்பி. நுனியைச் சாய்வாகத் தீட்டியிருப்பார்கள். மறுமுனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மரக் குமிழ். உளியை இழுப்பதில்லை, முன்னோக்கித் தள்ள வேண்டும். ஏர் நிலத்தைக் கீறிக்கொண்டு போவது போலச் செம்பைக் கீறிக்கொண்டு போகும். சால் விழும், ஓரத்தில் செம்பு கொஞ்சம் எழும்பி நிற்கும். அந்தப் பிசிறைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வளைந்த கோடு வேண்டுமென்றால் கையை வளைப்பதைவிடத் தகட்டைத்தான் சுழற்றுவார்கள், அதற்காகவே தகட்டுக்கு அடியில் மணல் நிரப்பிய தோல் மெத்தை இருக்கும். உளியை அழுத்தினால் பள்ளம் ஆழமாகவும் அகலமாகவும் போகும், அழுத்தத்தைக் குறைத்தால் மெலிந்துகொண்டே வந்து கூராக முடியும். ஆக, ஒரே கோடு நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருந்தால் அது உளியின் வேலை என்று கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது, அமிலத்தை வைத்து வேலை வாங்குவது. எச்சிங் என்பார்கள். தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சைத் தடவி, அதன்மேல் ஊசியால் வரைவார்கள். ஊசி செம்பைக் கீற வேண்டியதில்லை, பூச்சை விலக்கினால் போதும். அப்புறம் தகட்டை அமிலத்தில் போட்டால், பூச்சு விலகிய இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம். பூச்சில் ஊசி தடையின்றி ஓடுவதால் கோட்டில் கையெழுத்துக்கு உரிய வேகமும் தடுமாற்றமும் இருக்கும். முனைகள் கூராக இல்லாமல் மொட்டையாக நிற்கும்.

மூன்றாவது வழியில் அமிலமும் இல்லை, உளியும் இல்லை. கூரான ஊசியால் வெறும் தகட்டை நேராகக் கீறுவது. டிரைபாயிண்ட் என்று பெயர். முன்னே சொன்ன பிசிறு இங்கேயும் எழும், ஆனால் இதில் அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடலாம். மை பூசும்போது அந்தப் பிசிறும் மையைப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தில் அது வெல்வெட் துணி மாதிரி மெத்தென்ற கறுப்பாக விழும். ஒரே சங்கடம், அச்சு இயந்திரத்தின் அழுத்தம் தாங்காமல் பிசிறு சீக்கிரம் படுத்துவிடும். சில டஜன் பிரதிகளுக்குள் அந்தக் கறுப்பு மங்கிப்போகும். முதலில் எடுத்த பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்வதன் காரணம் இதுதான்.

மூன்றுக்கும் அச்சடிக்கும் முறை ஒன்றே. தகடு முழுக்க மையைத் தேய்த்து, பள்ளங்களுக்குள் இறக்கி, மேற்பரப்பைத் துணியாலும் கடைசியில் உள்ளங்கையாலும் துடைத்துவிடுவார்கள். ஈரப்படுத்திய காகிதத்தை அதன்மேல் போட்டு, கம்பளித் துணியால் மூடி, இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையைத் தூக்கிக்கொண்டு வரும். அதனால் பழைய பிரதிகளில் மை காகிதத்துக்கு மேலே கொஞ்சம் புடைத்திருக்கும், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பும் பள்ளமாகப் பதிந்திருக்கும். படம் இடவலம் மாறி விழும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தகட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அதைத் திருப்பி எழுதினால்தான் காகிதத்தில் நேராக வரும்.

புவேனோவின் படத்தில் ரெம்பிராண்ட் மூன்று வழிகளையும் கலந்திருக்கிறார். அடிப்படை வரைவு எச்சிங். அதன்மேல் டிரைபாயிண்ட், தேவையான இடங்களில் உளி. ஒரே படத்தில் மூன்று விதக் கோடுகளும் கிடைப்பதால் கற்றுக்கொள்வதற்கு இது நல்ல படம்.

ஒரு கோட்டால் என்னவெல்லாம் முடியும்

படம் வரையத் தொடங்குகிற எல்லோரும் கோட்டை வேலி மாதிரிதான் நினைக்கிறோம். முகத்துக்கு ஒரு வேலி, கைக்கு ஒரு வேலி, உள்ளே நிழலை நிரப்பினால் சரி. செதுக்குக் கலைஞர்களிடம் இந்த வேலி ரொம்பக் குறைவு. புவேனோவின் மேலங்கி எங்கே முடிகிறது என்று தேடினால், பல இடங்களில் விளிம்புக் கோடு என்று ஒன்றைக் காட்ட முடியாது. நெருக்கமான கோடுகள் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றன, அங்கே மேலங்கி முடிந்து சுவர் தொடங்கிவிடுகிறது.

கோடு போகிற திசைக்கு அடுத்த வேலை உண்டு. ஒரு உருண்டையின் மேல் நேர்கோடுகளை வரிசையாகப் போட்டால் அது தட்டையாகத் தெரியும். அதே கோடுகளை உருண்டையோடு வளைத்துப் போட்டால் பரப்பு புடைத்து வரும். கன்னம், மூக்கு, விரல், துணி மடிப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கோடு பொருளின் மேல் ஊர்ந்து போனால் பொருளுக்கு உடம்பு வந்துவிடும்.

இந்த வித்தையின் உச்சிக்குப் போனவர் ஹார்லெம் நகரத்து ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் (1558–1617). சிறுவயதில் நெருப்பில் விழுந்து வலது கை கருகி, விரல்கள் முழுதாக விரியாமலே போய்விட்டவர். தகட்டில் உளி தள்ளுவதற்கு விரல்களைவிடத் தோளின் பலம்தான் முக்கியம் என்பதால் அந்தக் கை அவருக்கு உதவியாகவே இருந்தது என்று சொல்வார்கள். அவருடைய கோடு பருத்து மெலிந்து, மறுபடி பருத்துப் போகும் விதத்திலேயே தசையும் துணியும் எழுந்து நிற்கும்.

இதைவிட வேடிக்கையான உதாரணம் ஒன்று உண்டு. 1649இல் பிரெஞ்சுக் கலைஞர் கிளோட் மெலான் ஏசுவின் முகத்தை ஒரே ஒரு கோட்டால் செதுக்கினார். மூக்கின் நுனியில் தொடங்கும் அந்தக் கோடு சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே வெளியே போகிறது. எங்கேயும் வேறொரு கோடு அதைக் குறுக்கே வெட்டுவதில்லை. கண்ணும் முடியும் முள்முடியும் இரத்தத் துளியும் அந்த ஒரே கோடு பருத்தும் மெலிந்தும் போவதால் மட்டுமே உண்டாகின்றன. கலையாகப் பார்த்தால் எனக்கு அது கொஞ்சம் சர்க்கஸ் வேலையாகத்தான் படுகிறது. ஆனால் கோட்டின் தடிமன் என்ன செய்யும் என்று ஒருவருக்குப் புரியவைக்க அதைவிட நல்ல படம் கிடையாது.

நிழல்

நிழல் கொடுக்க மிக எளிய வழி, ஒரே திசையில் இணைகோடுகள் போடுவது. இடைவெளி குறைந்தால் இருட்டு, கூடினால் வெளிச்சம். அது போதாத இடத்தில் அதன்மேல் வேறு திசையில் இன்னொரு வரிசை. இதைக் குறுக்குக்கோடு போடுவது என்போம். இரண்டாவது வரிசை முதல் வரிசையைச் செங்குத்தாக வெட்டினால் வலை மாதிரி, ஜன்னல் கம்பி மாதிரி விறைப்பாகத் தெரியும். சாய்வாக வெட்டினால் இடைவெளிகள் வைர வடிவில் விழும், பரப்பு மென்மையாகும். உளிக் கலைஞர்கள் இந்த வைரக் கட்டங்களுக்குள் ஒரு புள்ளியும் வைப்பார்கள். தோலின் மென்மைக்கு அது ரொம்ப உதவும். முகத்தில் நிழல் முடிந்து வெளிச்சம் தொடங்கும் இடத்தில் கோடு திடீரென்று நின்றால் வெட்டியது போல் இருக்குமல்லவா? அங்கே கோட்டைச் சிறு சிறு தட்டல்களாக உடைத்து, தட்டல்களைப் புள்ளிகளாக்கி, புள்ளிகளை அப்படியே கரையவிட்டு வெள்ளைக் காகிதத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

ரெம்பிராண்ட் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவர் இல்லை. புவேனோவின் மேலங்கியைப் பாருங்கள். ஒரு வரிசை, அதன்மேல் இன்னொரு வரிசை, அதற்கும் மேலே வேறொன்று என்று அடுக்கடுக்காக, எந்தக் கட்டத்துக்கும் அடங்காமல் கோடுகள் மோதிக்கொள்கின்றன. ஒழுங்கான வலைப்பின்னல் கண்ணுக்குச் சீக்கிரம் சலித்துவிடும், அது துணியாகத் தெரிவதை விட்டுவிட்டு வலைப்பின்னலாகவே தெரியத் தொடங்கும். ரெம்பிராண்டின் கறுப்புக்குள் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் அங்கங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. மையால் முழுக்க மூடிய கறுப்பு செத்த கறுப்பு. இடையிடையே காகிதம் எட்டிப் பார்க்கிற கறுப்பில் காற்று இருக்கும். கறுப்பு உடையை வரைவது கஷ்டமான காரியம் என்பது வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்புக்குள்ளேயே மடிப்பு, தோள், கையின் திருப்பம் எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

முகத்தில் முறை மாறுகிறது. மேலங்கியின் கலவரம் அங்கே இல்லை. குறுகிய, மெல்லிய கோடுகள். தொப்பி விளிம்பின் நிழல் நெற்றிமேல் விழுகிறது. கண்களைச் சுற்றியுள்ள கோடுகள் கொஞ்சம் நெருங்குகின்றன, அந்த நெருக்கத்தில்தான் ஒரு களைப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. துக்கம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது நோயாளியின் வீட்டிலிருந்து கிளம்புகிற மருத்துவரின் யோசனையாகத் தெரிகிறது. எப்படியிருந்தாலும் அந்த உணர்ச்சிக்கு ஆதாரம் சில மில்லிமீட்டர் இடைவெளிகளே.

அதற்கும் கீழே கழுத்துப்பட்டை. அங்கே கலைஞர் செய்திருப்பது மிகக் குறைவு, காகிதத்தின் வெள்ளையைத் தொடாமல் விட்டதுதான் பெரும் வேலை. செதுக்குப் படத்தில் மிகப் பிரகாசமான இடம் என்பது யாரும் தொடாத இடம். அதை முன்கூட்டியே திட்டமிட்டு விட்டுவைக்க வேண்டும். ஏனென்றால் தகட்டில் பள்ளம் விழுந்துவிட்டால் பிறகு வெள்ளை பூசி மறைக்க முடியாது.

கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தகட்டைத் துடைக்கும்போது சுத்தமாகத் துடைக்காமல் மெல்லிய மைப்படலத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கலாம். அந்த இடம் நிஜமாகவே சாம்பலாக விழும். ரெம்பிராண்ட் தன் படங்கள் பலவற்றில் இதைச் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கையால் துடைப்பதால் ஒரே தகட்டில் எடுத்த இரண்டு பிரதிகள் வெவ்வேறு நேரத்து வெளிச்சத்தில் எடுத்தவை போல இருக்கும்.

அமைப்பும் அந்த மோதிரமும்

படத்தின் அமைப்பு என்றால் பொருட்களை எங்கே வைப்பது என்று பலர் நினைப்பார்கள். செதுக்குப் படத்தில் அதைவிட முக்கியம், இருட்டையும் வெளிச்சத்தையும் எங்கே வைப்பது என்பது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு புவேனோவின் படத்தைப் பார்த்தால் விவரங்கள் எல்லாம் மறைந்துவிடும். மீதி நிற்பது ஒரு பெரிய இருட்டுத் திரள்: கீழே அகன்று, தோளில் குறுகி, மேலே தொப்பியாக முடிவது. அந்த இருட்டுக்குள் மூன்று வெளிச்சத் தீவுகள். முகம், அதற்குக் கீழே கழுத்துப்பட்டை, அப்புறம் தள்ளித் தாழே கை.

நம் கண் எப்போதும் வேறுபாடு அதிகமான இடத்துக்குத்தான் ஓடும். இங்கே அது கழுத்துப்பட்டையும் மேலங்கியும் தொடும் விளிம்பு. ஆனால் அந்தப் பட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை, அதனால் கண் உடனே மேலே ஏறி முகத்தில் தங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறங்கி மூன்றாவது வெளிச்சமான கைக்கு வருகிறது. கையிலிருந்து படிக்கட்டுக்கு. அப்போதுதான் இவர் சும்மா நிற்கவில்லை, எங்கேயோ போய்க்கொண்டிருப்பவர் நடுவில் நின்றிருக்கிறார் என்று உறைக்கிறது. பின்சுவரில் மேலங்கியைவிடக் கோடுகள் குறைவு. அங்கே கண்ணை இழுக்கிற மாதிரி எதுவும் வைக்கப்படவில்லை.

இப்போது மோதிரத்துக்கு வருவோம். கைப்பிடியில் இருக்கும் கையில் புவேனோ ஒரு மோதிரம் போட்டிருக்கிறார். தகட்டுக் கலைஞர்கள் வேலை நடக்கும்போதே சில பிரதிகள் எடுத்துப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் தகட்டைத் திருத்தி மறுபடி எடுப்பார்கள். இப்படித் தகடு மாறிய ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நிலை என்பார்கள். இந்தப் படத்தின் முதல் நிலையில் அந்த மோதிரம் கறுப்பு. டிரைபாயிண்டின் பிசிறில் தங்கிய மை அது, அடர்ந்த கறுப்புப் பொட்டாக விழுந்திருக்கும். இந்த நிலையில் கிடைக்கும் பிரதிகள் மிகச் சில. அடுத்த நிலையில் மோதிரம் வெள்ளை.

தகட்டில் விழுந்த கோட்டை அழிப்பது சாதாரண வேலை இல்லை. சுரண்டி எடுத்து, வழவழப்பான எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு நெல்மணி அளவுகூட இல்லாத இடத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு?

காரணம் கண் போகும் வழியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கை வெளிச்சமான தீவு. அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் அந்தச் சின்ன இடத்தில் வேறுபாடு சட்டென்று கூடிவிடும். கண் முகத்தில் நிம்மதியாகத் தங்காது, ஓரக்கண்ணால் மோதிரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மோதிரம் வெள்ளையானதும் கை ஒரே வெளிச்சமாகி அடங்கிவிடுகிறது, முகத்துக்குப் போட்டியில்லை. அபூர்வம் என்பதற்காகச் சேகரிப்பாளர்கள் கறுப்பு மோதிரத்தின் பின்னால் ஓடினார்கள். 1893இல் லண்டனில் ஹோல்ஃபோர்ட் என்ற சேகரிப்பாளரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது கறுப்பு மோதிரப் பிரதி ஒன்று 1,950 பவுண்டுக்குப் போனது. அந்தக் காலத்தில் ஒரு அச்சுப் படத்துக்கு அது மலைக்கவைக்கும் விலை. என்னிடம் கேட்டால் படமாக வெள்ளை மோதிரம்தான் நல்ல படம்.

இன்னொரு மருத்துவர், வேறு விதக் கோடு

ரெம்பிராண்ட் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாத் தகட்டுப் படமும் இப்படித்தான் என்று தோன்றிவிடும். ஒன்பது வருடம் கழித்து வந்த ஒரு உளிச் செதுக்கலைப் பக்கத்தில் வைக்கலாம். 1656இல் ரோமில் கொள்ளைநோய் பரவியிருந்தது. அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரப் பதிப்பாளர் பால் ஃப்யூர்ஸ்ட் ஒற்றைத் தாள் ஒன்றை வெளியிட்டார். பெயர், ரோமாபுரியின் அலகு டாக்டர். நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பறவை அலகு போன்ற முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி, தரை வரை நீண்ட அங்கி, கையுறை, கையில் சிறகு முளைத்த மணற்கடிகை வைத்த கோல். கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்று நம்பிய காலம் அது, அலகுக்குள் வாசனைப் பொருட்களை அடைத்திருப்பார்கள்.

இங்கே கோட்டின் வேலையே வேறு. இந்தத் தாள், சந்தையில் விற்கிற சரக்கு; பார்த்தவுடன் புரிந்தாக வேண்டும். அதனால் விளிம்பு தெளிவு. முகபாவம் காட்ட முகம் கிடையாது, ஆகவே நிழற்கோடுகளுக்கு நுணுக்கம் தேவையில்லை. அங்கியின் மடிப்புகளைக் காட்டினால் போதும். அமைப்போ ரொம்பத் தந்திரமானது. அடிவானத்தை மிகத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். ஊரும் மனிதர்களும் அங்கே பொடிப்பொடியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் பயந்து ஓடுகிறார்கள். மருத்துவர் மட்டும் நட்டநடுவில், தாளின் உயரத்துக்குப் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு, வானத்தின் வெள்ளைக்கு எதிரே நிற்கிறார். அலகின் வடிவம் பளிச்சென்று வெட்டித் தெரிகிறது. பூதம் மாதிரி இருக்கிறது என்றால், அதற்கு முகமூடி பாதிக் காரணம், தாழ்ந்த அடிவானம் மீதிக் காரணம்.

படத்துக்குக் கீழே லத்தீனும் ஜெர்மனும் கலந்த கிண்டல் பாட்டு ஒன்று இருக்கிறது. பணப்பைதான் இவனுடைய நரகம், அதற்குள் கொண்டுபோகிற ஆன்மா தங்கம் என்கிற தொனியில் போகும். மருத்துவரின் கட்டணத்தின்மேல் ஐரோப்பியச் செதுக்குக் கலைஞர்களுக்கு நீண்டகாலக் கடுப்பு உண்டு. கோல்ட்சியஸின் வட்டத்திலிருந்து 1587இல் வந்த நான்கு படங்களின் வரிசையில் ஒரே மருத்துவர் நான்கு வேடத்தில் வருகிறார். நோய் முற்றியிருக்கும்போது கடவுள், கொஞ்சம் தேறியதும் தேவதூதர், நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் சாதாரண மனிதர், கட்டணம் கேட்டு வரும்போது பேய்.

இந்த வரிசையிலிருந்து புவேனோவிடம் திரும்பினால் ஒன்று கவனத்துக்கு வரும். அவர் கையில் மருந்துப் புட்டி இல்லை, புத்தகம் இல்லை, மண்டையோடு இல்லை. மருத்துவர் என்று சொல்ல ஒரு சின்னம்கூட ரெம்பிராண்ட் வைக்கவில்லை. அலகு டாக்டரின் படத்தில் பொருட்கள் செய்த வேலை முழுவதையும் இங்கே நிழல் செய்ய வேண்டியிருக்கிறது.

நீங்களே பார்க்க

கண்ணைப் பழக்க அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு புதிய நூறு ரூபாய்த் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காந்தியின் உருவம் இதே பள்ள அச்சு முறையில் அச்சிடப்பட்டது. கசங்காத தாளில் விரலை வைத்துத் தடவினால் மை புடைத்திருப்பது கைக்குத் தெரியும். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தாளை அடையாளம் காண இந்தப் புடைப்பும் உதவுகிறது. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி முகத்தைப் பாருங்கள். நெற்றியில் கோடுகள் எந்தத் திசையில் வளைகின்றன, கன்னத்தில் கோடு எங்கே புள்ளியாக உடைகிறது, வெள்ளையாக விட்ட இடங்கள் எவை என்று தேடினால் மேலே சொன்னதில் பாதி அங்கேயே கிடைக்கும்.

அப்புறம் ரெம்பிராண்ட். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இந்தப் படத்தின் பிரதி இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் கோடு கோடாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. அதே அருங்காட்சியகத்தில் புவேனோவை ரெம்பிராண்ட் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய சின்னஞ்சிறு பலகை ஓவியமும் இருக்கிறது, 19க்கு 15 சென்டிமீட்டர்தான். முதலில் அந்த வண்ண ஓவியத்தைப் பாருங்கள். அதில் தூரிகையின் ஒரே இழுப்பில் வந்த நிழலைத் தகட்டில் எத்தனை கோடுகளாகப் பிரித்திருக்கிறார் என்று ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

அதுவும் முடிந்துவிட்டால் யான் லீவன்ஸ் இருக்கிறார். லைடன் நகரத்தில் ரெம்பிராண்டோடு இளமையில் வேலை செய்த நண்பர், இதே புவேனோவைத் தகட்டில் வரைந்தவர். ஒரே மனிதரை இரண்டு பேர் போட்ட இரண்டு அச்சுப் படங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரைப் பார்க்காமல், எது யாருடைய கோடு என்று முதலில் கையை மட்டும் பார்த்துச் சொல்ல முயலுங்கள், அதற்கப்புறம் முகத்துக்குப் போகலாம்.